ஆசிரியர்கள் ஐடி துறைக்கு மாறுவது: கோடிங் மட்டும்தான் வழியா?

பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் போதவில்லை என்ற செய்தியும், இருக்கிற ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்ற செய்தியும் சில ஆண்டுகளாகச் சேர்ந்தே வருகின்றன. 2030-க்குள் உலகெங்கும் 4.4 கோடி ஆசிரியர்கள் புதிதாகத் தேவைப்படுவார்கள் என்று 2024-இல் வெளியான யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. அதே அறிக்கையின்படி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பணியை விட்டு விலகுவோர் விகிதம் 2015-இல் 4.6 சதவீதம், 2022-இல் அது 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

விலகுகிறவர்களில் பலர் தொழில்நுட்பத் துறையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. சில மாதங்களில் கோடிங் கற்று ஐடி வேலைக்குப் போகலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்குகின்றன என்று செய்திகள் சொல்கின்றன. இரண்டுமே ஒரே துறையைப் பற்றியவை. ஓர் ஆசிரியர் எதை வைத்து முடிவெடுப்பது?

கோடிங் கற்கலாமா வேண்டாமா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் இருக்கிறது. அந்தத் துறையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றில் எதற்கு ஆசிரியரின் அனுபவம் நேரடியாகப் பயன்படும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

## ஒரு மென்பொருளுக்குப் பின்னால் இருப்பவர்கள்

மாணவர் வருகையைப் பதிவு செய்யும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். அது பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பல கைகளைக் கடக்கிறது.

1. எந்த வசதி வேண்டும், எது முதலில் வேண்டும் என்று தீர்மானிப்பவர் பிராடக்ட் மேனேஜர்.
2. பயன்படுத்துபவர்களைக் கவனித்துத் திரைகளை வடிவமைப்பவர்கள் யூஎக்ஸ் (பயனர் அனுபவ) ஆய்வாளரும் டிசைனரும்.
3. நிரலை எழுதுபவர் டெவலப்பர்.
4. பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பவர் டெஸ்டர்.
5. உதவிப் பக்கங்களையும் கையேடுகளையும் எழுதுபவர் டெக்னிக்கல் ரைட்டர்.
6. பள்ளிக்குப் போய்ச் செயலியை நிறுவி, அலுவலர்களுக்குப் பயிற்சி தருபவர் இம்ப்ளிமென்டேஷன் குழுவைச் சேர்ந்தவர்.
7. வாங்கிய பள்ளி அதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறதா என்று கவனித்துக்கொள்பவர் கஸ்டமர் சக்சஸ் மேனேஜர்.

இவர்களில் முழு நேரமும் நிரல் எழுதுபவர் ஒருவர்தான். டெஸ்டரும் ஓரளவு எழுதக்கூடும். மற்றவர்களுக்கு மென்பொருள் எப்படி உருவாகிறது என்ற புரிதல் வேண்டும். ஆனால் அவர்களுடைய வேலையின் மையம் மனிதர்கள்தான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொழில்நுட்ப வேலை தொழில்நுட்ப நிறுவனத்தில்தான் கிடைக்கும் என்றில்லை. வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை எல்லாவற்றிலும் மென்பொருள் ஓடுகிறது. அங்கே அதைக் கற்றுக்கொடுக்கவும் பராமரிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐடி நிறுவனங்களின் விளம்பரங்களை மட்டும் தேடுபவர் கண்ணில் இந்த இடங்கள் படுவதே இல்லை.

## ஆசிரியரிடம் ஏற்கெனவே இருப்பது என்ன?

1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டுகிறவர் மனதுக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது. கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் தட்டல்.

மென்பொருள் துறையில் இது அன்றாடச் சிக்கல். செய்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதனாலேயே பயன்படுத்துபவருக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரிவதில்லை. புரியாத மெனுப் பெயர்களும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத பிழைச் செய்திகளும், பாதியில் தொடங்கும் உதவிப் பக்கங்களும் இப்படித்தான் உருவாகின்றன.

ஆசிரியரின் தொழிலே இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான். ஒரு மாணவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார். கணக்கு ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவதில்லை. மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார், பின்னத்தை இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறார் என்று உடனே புரிந்துகொள்கிறார். தவறான விடைக்குப் பின்னால் இருக்கும் யோசனையை அவரால் படிக்க முடிகிறது. 'பட்டன் வேலை செய்யவில்லை' என்ற புகாரைப் பார்த்து, பயன்படுத்துபவர் அந்தப் பட்டன் வேறு எதையோ செய்யும் என்று எதிர்பார்த்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதும் இதே திறமைதான்.

இந்த வகைக் கவனிப்புக்குப் பெரும் கூட்டம் தேவையில்லை. ஐந்து பேரைக் கொண்டு ஒரு மென்பொருளைச் சோதித்தாலே அதன் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்பது பயன்பாட்டுச் சோதனை நிபுணரான யாக்கோப் நீல்சன் முன்வைத்த கணக்கு. பின்னால் அதன் மேல் விவாதங்கள் எழுந்தாலும், சிலரை உன்னிப்பாகப் பார்ப்பதே பலன் தரும் என்ற நடைமுறை யூஎக்ஸ் துறையில் நிலைத்துவிட்டது.

ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. வகுப்பறை அனுபவம் கருவிகளைக் கற்றுக்கொடுத்துவிடாது. ஒரு நிறுவனம் எப்படிப் பணம் ஈட்டுகிறது, ஒரு குழு எப்படி வேலையைப் பிரித்துக்கொள்கிறது என்பதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியவை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து விளக்கத்தை மாற்றிப் பழகியவருக்கு, முகம் தெரியாத வாசகருக்கு எழுதுவது தனிப் பயிற்சி.

## ஒரே நேரத்தில் எத்தனை மாற்றம்?

தொழில் மாற்றத்தில் இரண்டு மாற்றங்கள் கலந்திருக்கின்றன. செய்யும் வேலை மாறுவது ஒன்று. அந்த வேலை நடக்கும் களம் மாறுவது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பாதைகள் தெரியும்.

1. களம் அதே, வேலை வேறு. கல்வி மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் டெஸ்டராகவோ, உள்ளடக்க வடிவமைப்பாளராகவோ சேர்வது. பள்ளி எப்படி இயங்குகிறது என்ற அறிவுக்கு அங்கே மதிப்பு உண்டு.
2. வேலை அதே, களம் வேறு. வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது. கற்பிக்கும் அனுபவம் அப்படியே கணக்கில் வரும்.
3. இரண்டுமே வேறு. உதாரணமாக, பணப் பரிமாற்ற மென்பொருளில் டெவலப்பராவது. முந்தைய ஆண்டுகள் ஏறக்குறைய கணக்கில் வராது, ஃப்ரெஷராகவே பார்ப்பார்கள்.

மூன்றாவது பாதை தவறு என்று சொல்ல வரவில்லை. அதில் போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் குடும்பப் பொறுப்போடு, மாதச் சம்பளத்தை நம்பி இருப்பவருக்கு அதை ஒரே தாவலில் செய்யச் சொல்வது நியாயமான ஆலோசனை ஆகாது. முதலில் கல்வி மென்பொருள் நிறுவனத்துக்குள் நுழைந்து, அங்கிருந்தபடியே அடுத்த வேலைக்கு நகர்வது அதே இடத்துக்குப் போகும் நீண்ட வழி. ஆனால் இடையில் வருமானம் நிற்பதில்லை.

## மிக அருகில் இருக்கும் வேலை: கற்றல் வடிவமைப்பு

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்று விளம்பரங்களில் வரும் இந்த வேலைக்கு ஆசிரியர்கள் பலர் விண்ணப்பிக்கிறார்கள். அதனாலேயே போட்டியும் அதிகம். பெயரைப் பார்த்துப் பாடம் தயாரிக்கும் வேலைதானே என்று நினைத்து இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடமும் இதுதான்.

இந்தத் துறையின் அடிப்படைச் சட்டகம் 'ஆடி' எனப்படுகிறது. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு என்ற ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. 1970-களின் நடுவில் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான அணுகுமுறையிலிருந்து வளர்ந்தது. நடுவில் உள்ள மூன்று கட்டங்கள் ஆசிரியருக்குப் பழக்கமானவை. முதலாவதும் கடைசியும்தான் புதியவை.

முதல் கட்டத்தைப் பார்ப்போம். பள்ளியில் பாடத்திட்டம் முன்பே வந்துவிடுகிறது. இதைக் கற்பிக்க வேண்டுமா என்று ஆசிரியரிடம் யாரும் கேட்பதில்லை. நிறுவனத்தில் முதல் கேள்வியே அதுதான். பணியாளர்கள் ஒரு படிவத்தைத் தொடர்ந்து தவறாக நிரப்புகிறார்கள், பயிற்சி கொடுங்கள் என்று ஒரு மேலாளர் வருகிறார். நல்ல வடிவமைப்பாளர் முதலில் படிவத்தைப் பார்ப்பார். படிவமே குழப்பமாக இருந்தால் அதைத் திருத்துவதுதான் தீர்வு. பயிற்சி வீண் செலவு. 'இதற்குப் பயிற்சி தேவையில்லை' என்று சொல்லத் தெரிவது இந்த வேலையின் ஒரு பகுதி.

கடைசிக் கட்டமான மதிப்பீட்டுக்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலைகள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன.

1. பங்கேற்றவர்களுக்குப் பயிற்சி பிடித்திருந்ததா?
2. அவர்கள் கற்றுக்கொண்டார்களா?
3. வேலையில் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியதா?
4. அதனால் நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா?

பள்ளித் தேர்வு இரண்டாவது நிலையோடு நின்றுவிடுகிறது. நிறுவனம் மூன்றையும் நான்கையும் கேட்கும். இந்த ஒரு வித்தியாசத்தை உள்வாங்கிப் பேசும் ஆசிரியர் இன்டர்வியூவில் தனியாகத் தெரிவார்.

கருவிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பாடங்களையும் மதிப்பெண்களையும் நிர்வகிக்கும் மென்பொருளை எல்எம்எஸ் என்பார்கள். அவற்றில் 2002-இல் வெளிவந்த மூடில் கட்டற்ற மென்பொருள். சொந்தக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம். ஒரு கருவியில் செய்த பாடம் இன்னொரு எல்எம்எஸ்-இல் ஓடுவதற்கான பொது விதிகளுக்கு ஸ்கார்ம் என்று பெயர். 2001-இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எல்எம்எஸ்-க்கு வெளியே நடக்கும் கற்றலையும் பதிவு செய்ய 2013-இல் எக்ஸ்ஏபிஐ வந்தது. விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் என்பது ஊடாடும் பாடங்களைச் செய்யும் கருவி. எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தை முழுசாகச் செய்து, ஸ்கார்ம் தொகுப்பாக்கி, மூடிலில் ஏற்றி ஓடவைத்துப் பார்த்தால் பாதிச் சொற்கள் தானாகவே புரிந்துவிடும்.

## மற்ற வாசல்கள்

டெஸ்டிங். வினாத்தாள் தயாரித்தவருக்கு இதன் தர்க்கம் பழக்கமானது. ஒரு பெட்டியில் 0 முதல் 100 வரை மதிப்பெண் உள்ளிடலாம் என்றால், டெஸ்டர் 50-ஐப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகமாட்டார். -1, 0, 100, 101 ஆகியவற்றைப் போட்டுப் பார்ப்பார், ஏனென்றால் பிழைகள் எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். டெஸ்டர்களுக்கான பன்னாட்டுச் சான்றிதழ் அமைப்பான ஐஎஸ்டிக்யூபி-யின் அடிப்படைச் சான்றிதழ் இந்தத் துறையில் உலகெங்கும் அறியப்பட்டது. கையால் சோதிப்பது மட்டும் நீண்ட நாள் போதாது. சோதனைகளைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோமேஷனுக்காகக் கொஞ்சம் நிரல் கற்கத் தயாராக இருக்க வேண்டும்.

டெக்னிக்கல் ரைட்டிங். மொழி ஆசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது. எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இரண்டையும் பழகிக்கொண்டால், திறந்த மூல மென்பொருள் திட்டங்களின் உதவிப் பக்கங்களைத் திருத்தி அனுப்பலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல், வேலையில் இருக்கும்போதே, பொதுவெளியில் எழுதிக் காட்டக் கிடைக்கும் வாய்ப்பு இது.

அணுகல்தன்மை. பார்வை, செவித்திறன், கற்றல் குறைபாடு உள்ளவர்களும் ஒரு தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது. இதற்கான பன்னாட்டு வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி-யின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு இந்தத் துறையில் இருக்கும் முன்னறிவு வேறு யாருக்கும் எளிதில் வராது. ஆனால் அவர்களிடம் இப்படி ஒரு வேலை இருப்பதைச் சொல்பவர்கள் குறைவு.

கஸ்டமர் சக்சஸ், இம்ப்ளிமென்டேஷன் வேலைகள் பேச்சும் பொறுமையும் கேட்பவை. நுழைவது ஒப்பீட்டளவில் எளிது, ஆனால் விற்பனை இலக்கு அதில் கலந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தரவுகளைப் பகுத்துப் பார்க்கும் டேட்டா வேலைக்கு எக்செல்லும், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் தொடக்கம்.

## கோடிங்தான் வேண்டும் என்றால்

விரும்பிப் போகிறவர்கள் போகட்டும். ஆனால் சந்தை எப்படி மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

பெருந்தொற்றுக் காலத்தில் இணையப் பயன்பாடு ஏறியபோது நிறுவனங்கள் ஆட்களை அள்ளிச் சேர்த்தன. அப்புறம் வட்டி விகிதங்கள் உயர்ந்தன, தேவை குறைந்தது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000-க்கும் மேல் என்று அறிவிப்புகள் வந்தன. அனுபவம் உள்ள பல டெவலப்பர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடத் தொடங்கினார்கள். சாட்ஜிபிடி வெளியானதும் 2022 நவம்பரில்தான். புதியவர்களுக்குப் பழகக் கொடுக்கப்பட்ட சின்னச் சின்ன நிரல் வேலைகளில் ஒரு பகுதியை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே செய்துவிடுகின்றன. ஆக, முன்பு போதுமானதாக இருந்த தொடக்க நிலைத் தகுதி இப்போது போதவில்லை.

இதனால் இரண்டு விஷயங்கள் முக்கியமாகின்றன.

1. பணம் கட்டுவதற்கு முன் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50 இணையத்தில் இலவசம். அதன் பயிற்சிகளைச் செய்யும்போது, நிரல் ஓடாமல் நின்று பிழைச் செய்தி வரும் நேரங்களை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். டெவலப்பரின் நாளில் கணிசமான பகுதி அதுதான். பயிற்சி நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால், 'வேலை கிடைத்தவர்கள்' என்று யார் யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள், எந்த வேலை, எத்தனை மாதத்தில், பாதியில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.
2. உங்களுக்கு மட்டுமே தெரிந்த சிக்கலை எடுத்துச் செய்யுங்கள். எல்லோரும் செய்யும் வேலைப் பட்டியல் செயலியைவிட, ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் ஒரே ஆசிரியரின் பெயர் விழுந்துவிடாமல் கால அட்டவணையைச் சரிபார்க்கும் சின்ன நிரல் நிறுவனத்தின் கவனத்தை ஈர்க்கும். அதற்கு உண்மையான தேவை இருக்கிறது. உண்மையாகப் பயன்படுத்துபவர்களும் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள்.

## ரெஸ்யூமேயில் என்ன மாற வேண்டும்?

'அர்ப்பணிப்போடு பணியாற்றினேன்', 'மாணவர்களுக்கு ஊக்கமளித்தேன்' போன்ற வரிகள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றை வைத்து ஒரு மேலாளரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. செய்தது என்ன, எவ்வளவு, விளைவு என்ன என்று எழுத வேண்டும்.

- 'எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்தேன்' என்பதற்குப் பதிலாக: 'நான்கு பிரிவுகளுக்கான ஓராண்டுப் பாடத்தை வடிவமைத்தேன், மாதச் சோதனைகளின் விடைகளைப் பகுத்து, அதிகம் தவறிய பகுதிகளை மாற்றி எழுதினேன்.'
- 'பெற்றோர் கூட்டம் நடத்தினேன்' என்பதற்குப் பதிலாக: 'மாறுபட்ட எதிர்பார்ப்புகள் கொண்ட பெற்றோர்களோடு முன்னேற்ற அறிக்கையை வைத்துப் பேசி, அடுத்த கட்டத் திட்டத்தை ஒப்புக்கொள்ள வைத்தேன்.'
- 'பள்ளியில் கணினி வேலைகளுக்கு உதவினேன்' என்பதற்குப் பதிலாக: 'புதிய எல்எம்எஸ்-க்குப் பள்ளி மாறியபோது சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தேன், அடிக்கடி வந்த கேள்விகளுக்குக் கையேடு எழுதினேன்.'

எண்கள் உங்கள் சொந்தப் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். இன்டர்வியூவில் ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்பார்கள். வேலை மாதிரிகளைத் தொகுத்துக் காட்டும்போது மாணவர்களின் பெயர், மதிப்பெண், புகைப்படம், விடைத்தாள் எதையும் சேர்க்கக் கூடாது. அது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. தரவுப் பாதுகாப்பு அறியாதவர் என்ற முத்திரையும் விழும். பள்ளிக்காகச் செய்த பாடப்பொருளின் உரிமை பள்ளியிடம் இருக்கக்கூடும் என்பதால், மாதிரிகளைப் புதிதாகச் செய்துவிடுவது பாதுகாப்பு.

## மாறிய பிறகு என்ன வித்தியாசமாக இருக்கும்?

வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டால் அந்த நேரம் ஆசிரியருடையது. நிறுவனத்தில் வேலை எப்போதும் மற்றவர் கண்முன் நடக்கும். ஒன்றிரண்டு வாரங்கள் கொண்ட ஸ்பிரிண்ட் எனும் சுற்றுகளாக வேலையைப் பிரித்து, தினமும் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். பாதி முடிந்த வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்பது அங்கே இயல்பு. முழுசாகத் தயாரித்துவிட்டே வகுப்புக்குள் நுழைந்து பழகியவருக்கு ஆரம்பத்தில் இது கூச்சமாக இருக்கும். நீண்ட விடுமுறைகள் போய்விடும். ஆனால் வீட்டுக்குத் தூக்கிவரும் விடைத்தாள் கட்டும் போய்விடும்.

வேலை நிலைத்தன்மைதான் பெரிய வித்தியாசம். அதிலும் கல்வி மென்பொருள் நிறுவனங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இணையப் படிப்புகளை நடத்தித் தந்த 2யூ நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கோரியது. வீட்டுப்பாட உதவி தந்த செக் நிறுவனம், சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் வரவு பாதிக்கப்படுகிறது என்று 2023 மே மாதம் சொன்னதும் அதன் பங்கு விலை ஒரே நாளில் கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தது. ஆசிரியர்களுக்கு எளிதில் திறக்கும் துறையே இப்படி ஆட்டம் கண்டிருக்கிறது என்பதால், நிறுவனத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று இன்டர்வியூவில் கேட்பதில் தவறில்லை.

## ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

1. உங்களைக் களைப்படைய வைப்பது கற்பித்தலா, பணிச் சூழலா என்று பிரித்துப் பாருங்கள். சூழல் என்றால் வேறு பள்ளியோ, பாடத்திட்டக் குழுவோ, ஆசிரியர் பயிற்சியோ போதுமானதாக இருக்கலாம்.
2. குறிவைத்த வேலைக்கான இருபது விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் தகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கற்க வேண்டியது எது என்பதை அந்தப் பட்டியல் சொல்லும். பயிற்சி நிறுவனத்தின் பாடத்திட்டம் சொல்வதைவிட அது நம்பகமானது.
3. அந்த வேலையில் இப்போது இருக்கும் இரண்டு மூன்று பேரிடம், முக்கியமாக முன்பு ஆசிரியராக இருந்தவர்களிடம், நேற்றைய வேலை நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள்.
4. ஓய்வூதியம், பணிக்கொடை, பணி மூப்பு ஆகியவற்றில் எதை எந்தத் தேதிக்கு முன் விலகினால் இழப்பீர்கள் என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். ஊதியமில்லா நீண்ட விடுப்புக்கு வழி இருந்தால், ராஜினாமாவுக்கு முன் அதை முயன்று பாருங்கள்.
5. கற்பிக்கும் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய முறை இருக்கும் இடங்களில், புதிய வேலையில் சேர்ந்த பிறகும் அதைக் காலாவதியாக விடாதீர்கள்.
6. கல்வியாண்டின் நடுவில் விலக வேண்டியிருந்தால், எந்தப் பாடம் எதுவரை முடிந்தது, எந்த மாணவருக்கு எதில் உதவி தேவை என்று அடுத்து வருபவருக்கு விவரமாக எழுதிப் பள்ளியிடம் கொடுங்கள்.